குறுங்கடன் நிறுவனத்தில் உள் தணிக்கையாளர் வேலை: ஆயத்தம் செய்யும் முறை

நம் நெசவாளர் குடும்பங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் பிறந்த பிள்ளைகள் பலர் இந்நாளில் வணிகவியல் பட்டம் பெற்று உத்தியோகம் தேடி வருகின்றனர். அவர்களுள் சிலர், மைக்ரோ பைனான்ஸ் என்று ஊரார் வழங்கும் குறுங்கடன் நிறுவனங்களில் உள் தணிக்கையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றனர். அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்று நம்மையும் வினவுகின்றனர். அங்கத்தினர் வீடுகளுக்குப் பயன்படும் என்னும் கருத்தால் நாம் அறிந்தவற்றை இங்கு எழுத முற்படுகிறோம்.

சென்ற மாதம் நம் தெருவில் தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவரின் மகள், இவ்வேலைக்கான விளம்பரம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். பி.காம். தேறியவள். "மாமா, இந்த வேலைக்கு எந்தப் புத்தகத்தைப் படித்தால் போதும்?" என்று கேட்டாள். "புத்தகம் இருக்கட்டும் அம்மா. உன் தாயார் குழுவில் கடன் வாங்கியிருக்கிறாரே, அந்தக் கடன் அட்டையை முதலில் எடுத்து வா" என்றோம். அவள் வியப்புற்றாள். தாயார் ஓராண்டாகத் தவணை கட்டி வருவதை அவள் அறிவாள். அட்டையை ஒரு நாளும் வாசித்ததில்லை. அவ்வட்டையே அவளுக்கு முதற் பாடப் புத்தகமாயிற்று.

வேலையின் தன்மை

தணிக்கை என்பது நம் சங்கத்தாருக்குப் புதியதன்று. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்து, அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவான காலந்தொட்டு, கூட்டுறவும் தணிக்கையும் இணைந்தே நடந்து வருகின்றன. இன்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 80ஆம் பிரிவு தணிக்கைக்கு வழி செய்கிறது. தணிக்கையாளர் வெளியிலிருந்து வருகிறார். ஆண்டுக் கணக்கை ஆராய்கிறார். அவருடைய அறிக்கை மகாசபையின் முன் வைக்கப்படுகிறது.

உள் தணிக்கையாளரோ நிறுவனத்தின் சம்பளம் பெறும் ஊழியரே. ஆயினும் அவர் கிளை மேலாளருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். அவருடைய துறை, இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்குப் பொறுப்புடையது. ஆண்டு முழுவதும் கிளைகிளையாகச் சென்று, விதிப்படி கடன் வழங்கப்பட்டதா, வசூலித்த பணம் முழுவதும் கணக்கில் ஏறியதா, கடன் பெற்றவரிடம் முறையாக நடந்துகொண்டார்களா என்று பார்ப்பதே அவர் தொழில். பெரிய நிதி நிறுவனங்களும் நகரக் கூட்டுறவு வங்கிகளும், இடர் எங்கு மிகுதியோ அங்கு முதலில் தணிக்கை செய்யும் முறையைப் பின்பற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆணையிட்டது. இந்த வேலைக்கு இன்று மதிப்பு ஏற்பட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இங்கு ஒரு வேற்றுமையை விண்ணப்பதாரர் மனத்தில் இருத்துவது அவசியம். சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் சங்கத்தின் சொந்தக்காரரும் ஆவார். மகாசபையில் எழுந்து நின்று, "இந்தச் செலவு ஏன்?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. குறுங்கடன் கம்பெனியில் கடன் பெறும் பெண்மணிக்கு மகாசபை இல்லை, வாக்கும் இல்லை. குறைதீர்ப்பு அதிகாரியிடமும், அவருக்கு மேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிட வழிகள் உண்டென்பது மெய்யே. ஆயினும் நிறுவனத்தின் சார்பில், தவணை கேட்க அல்லாமல், "உங்கள் கணக்கு சரியாக இருக்கிறதா?" என்று கேட்கவே அவர் வீட்டு வாசலுக்கு வருபவர் உள் தணிக்கையாளரே. அவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போனால், அப்பெண்மணியின் குறை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

நாம் செய்த தவறு

பிறரைப் பற்றிச் சொல்லுமுன் நம்மைப் பற்றிச் சொல்வதே நேர்மை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தோம். அவ்வாண்டில் ரொக்கப் புத்தகமும் பேரேடும் காசு பிசகாமல் ஒத்திருந்தன. நாம் மகிழ்ச்சியுடன் ஒப்பமிட்டோம். சில நாட்களில் மூதாட்டி ஒருவர் தம் பாஸ் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். தவணை தவறியோர் பட்டியலில் அவர் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. பாஸ் புத்தகத்தில் 7 தவணைகளுக்கு எழுத்தரின் சுருக்கொப்பம் இருந்தது. சங்கப் பேரேட்டில் 4 தவணைகளே ஏறியிருந்தன. தவணைக்கு ரூ.500 வீதம் ரூ.1,500 கணக்குக்கு வரவேயில்லை.

கணக்கு எவ்வாறு ஒத்திருந்தது என்று கேட்கலாம். அந்தப் பணம் ரொக்கப் புத்தகத்திலும் ஏறவில்லை, பேரேட்டிலும் ஏறவில்லை. ஆதலால் இரண்டும் ஒத்தே இருந்தன. நாம் புத்தகத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டோமேயன்றி, அங்கத்தினர் கையிலிருந்த பாஸ் புத்தகத்தோடு ஒப்பிடவில்லை. பின்னர்ப் பணம் மீட்கப்பட்டது, பட்டியலும் அகற்றப்பட்டது. ஆனால் பாக்கிதாரர் என்ற பெயரால் அவருக்கு 3 மாதம் நூல் கொடுக்கப்படாமல் தறி நின்றிருந்தது. அந்த 3 மாதக் கூலியை எந்தத் தணிக்கை அறிக்கையாலும் திருப்பித் தர இயலவில்லை.

ஆகவே, இவ்வேலைக்கு ஆயத்தம் செய்வோர் அறிய வேண்டிய முதல் விதி இது: அலுவலகத்தில் உள்ள கணக்கு பாதி, கடன் பெற்றவர் வீட்டில் உள்ள அட்டை மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே தணிக்கை முடிந்ததாகும்.

கற்க வேண்டியவை

முதலாவது, கணக்கு. ரொக்கப் புத்தகம், பேரேடு, வவுச்சர், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், ஐந்தொகை ஆகியவற்றைத் தாமே எழுதிப் பழகியிருக்க வேண்டும். கல்லூரியில் படித்தது போதாது. நம் சங்கங்களில் ஒன்றில் சில மாதம் எழுத்தருக்கு உதவியாக அமர்ந்து நாள்தோறும் ரொக்கம் எண்ணி முடித்தவருக்கு, ஐந்து புத்தகங்கள் படித்தவருக்கு வராத தெளிவு வரும். தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மை நிலையங்களில் நடைபெறும் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி பெற்றோருக்கு இது எளிதாகும்.

இரண்டாவது, விதிகள். 2010ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்துக் கடுமையாக வசூலித்ததால் பெரும் நெருக்கடி விளைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. மறு ஆண்டில் மாலேகாம் குழுவின் அறிக்கை வெளிவந்து, குறுங்கடன் நிறுவனங்களுக்கெனத் தனி வகுப்பும் விதிகளும் ஏற்பட்டன. பின்னர் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளே, இத்தொழிலுக்கு வருவோர் முதலில் ஐயமறக் கற்க வேண்டியவை. அவற்றுள் முக்கியமானவற்றைக் கூறுகிறோம்.

கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். ஆண்டு வருமானம் ரூ.3,00,000 வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையின்றிக் கொடுக்கும் கடனே குறுங்கடன். அக்குடும்பம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. கடன் அட்டை கடன் பெறுபவர் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கூடாது. தாமதத்துக்கு அபராதம் விதித்தால் தவறிய தொகைக்கே விதிக்கலாம். முழுக் கடனுக்கும் விதிக்கலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கடன் பெற்றவரை அணுகலாகாது.

விதியை மனப்பாடம் செய்வதைவிடக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. மாத வருமானம் ரூ.15,000 உள்ள குடும்பம் தவணையாகக் கட்டத்தக்கது ரூ.7,500. அக்குடும்பம் முன்னமே ரூ.6,000 கட்டி வருமாயின், ரூ.2,115 தவணையுள்ள புதுக் கடன் கொடுப்பது விதி மீறலாகும், மொத்தம் ரூ.8,115 ஆகிவிடுகிறதன்றோ? கிளையில் வருமானத்தை ரூ.17,000 என்று உயர்த்தி எழுதினால் காகிதத்தில் எல்லாம் சரியாகிவிடும். அங்கேதான் தணிக்கையாளருடைய வேலை தொடங்குகிறது. அந்த வருமானம் எவ்வாறு வந்தது, ஒரு புடவைக்குக் கூலி எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை புடவை நெய்ய இயலும், மழைக்காலத்தில் பாவு ஓட இடமுண்டா என்பனவற்றை நெசவாளர் வீட்டுப் பிள்ளை கேட்பதுபோல் வேறு எவர் கேட்க இயலும்? விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அறுவடை மாதமும் வறண்ட மாதமும் தெரியும். இந்த அறிவு தாழ்ந்ததென்று நம் பிள்ளைகள் எண்ணலாகாது. இது அவர்களுடைய மூலதனம்.

மூன்றாவது, வட்டிக் கணக்கு. நாம் முன்னர்க் கூறிய பெண்ணின் தாயாருடைய அட்டையில் கடன் ரூ.40,000, தவணை 24 மாதம், வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், குறையும் நிலுவையின் மீது. மாதத் தவணை ரூ.2,115. முதல் மாதம் வட்டி ரூ.800, அசலுக்குச் சேர்வது ரூ.1,315. நிலுவை ரூ.38,685 ஆகிறது. இரண்டாம் மாதம் அந்நிலுவைக்கு வட்டி ரூ.774, அசலுக்கு ரூ.1,341. இவ்வாறு வட்டி குறைந்து அசல் கூடிக்கொண்டே செல்லும். 24 தவணையும் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய ரூ.50,760. அதே 24 சதவீதத்தை முழுத் தொகைக்கும் இரண்டாண்டுக்கும் நேர் வட்டியாகப் போட்டால் மொத்தம் ரூ.59,200 ஆகும். வேறுபாடு ரூ.8,440. வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் வீட்டிலிருந்து செல்லும் பணம் வேறு. அப்பெண் இரண்டு மாலைப்பொழுதில் 24 வரிகளையும் தானே போட்டு, அட்டையோடு ஒத்துப் பார்த்து, சரியாக இருப்பதைத் தாயாருக்கு விளக்கினாள். "அட்டையை இப்படி யாரும் எனக்குப் படித்துச் சொன்னதில்லை, அண்ணா" என்று அந்த அம்மையார் நம்மிடம் கூறினார்.

களத்தில் காணும் தவறுகள்

கிளையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சில வகையில் அடங்கும். அவற்றை அறிந்து செல்பவருக்கு நேர்முகத் தேர்வில் தடுமாற்றம் இராது.

ஒரு குழுவில் வசூலித்த பணத்தை ஊழியர் தாம் எடுத்துக்கொண்டு, மறுநாள் வேறு குழுவின் பணத்தால் அதை நிரப்புவது ஒன்று. ஓட்டையை அடைக்க மற்றோர் ஓட்டை போடுவது போன்றது இது. ஒரு நாள் வசூல் நின்றால் வெளிப்பட்டுவிடும். ஆகையால் தணிக்கையாளர் பணம் கட்டிய தேதியையும் கணக்கில் ஏறிய தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பலர் பெயரில் கடன் பெற்றுக் குழுத் தலைவி ஒருவரே பயன்படுத்துவது மற்றொன்று. பெயருக்குரியவர்கள் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டிருப்பர். தலைவி ஊரைவிட்டுச் சென்றால் கடன் அவர்கள் தலையில் விழும். பழைய பாக்கியை மறைக்கப் புதுக் கடன் கொடுத்து அடைப்பது, கடன் வழங்கும்போது கமிஷன் கேட்பது, முன்கூட்டி அடைக்கக் கொடுத்த ரொக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் மாதத் தவணையை மட்டும் காட்டி வருவது, கடன் பெற்றவர் இறந்தபின் காப்பீட்டுத் தொகையைக் குடும்பத்துக்குச் சேர்ப்பிக்காமல் தாமதிப்பது ஆகியன மற்றவை.

இவற்றுள் எதுவும் அலுவலக நாற்காலியில் அமர்ந்து கண்டுபிடிக்கத்தக்கதன்று. காலையில் கிளை திறக்குமுன் சென்று ரொக்கத்தை நோட்டு வாரியாக எண்ண வேண்டும். பெட்டகத்தின் இரண்டு சாவிகளும் இருவர் கையில் உள்ளனவா, ஒருவர் கையிலேயே உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்னர்க் குழுக் கூட்டத்துக்கும், அதன் பின் வீடுகளுக்கும் செல்ல வேண்டும்.

வீட்டில் கேட்கும் முறையும் பயிலத்தக்கதே. "உங்கள் பாக்கி ரூ.18,000 தானே?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் "ஆமாம்" என்றே சொல்வார். "நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள்? கையில் எவ்வளவு வந்தது? யாரிடம் கட்டுகிறீர்கள்? ரசீது இருக்கிறதா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். வசூல் ஊழியரை அருகில் நிறுத்திக்கொண்டு இக்கேள்விகளைக் கேட்பதில் பயனில்லை. அந்த அம்மையார் நாளையும் அவ்வூழியரிடமே தவணை கட்ட வேண்டியவர் என்பதை மறத்தலாகாது.

விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும்

விளம்பரங்களில் பொதுவாகக் கேட்பவை: பட்டம், கணினியில் விரிதாள் பழக்கம், உள்ளூர் மொழி, இருசக்கர வாகனம் ஓட்டும் உரிமம், வெளியூர்களில் தங்கிப் பணியாற்றும் மனம். தலைமை அலுவலகப் பதவிகளுக்குப் பட்டயக் கணக்காளர் போன்ற தகுதியையும் கேட்பதுண்டு. முதலில் களப் பணியாளராகச் சேர்ந்து பின்னர்த் தணிக்கைக்கு வந்தவர்களும் பலர். அவ்வழியும் நல்லதே. ஆனால் தாம் பணியாற்றிய கிளையை ஓராண்டேனும் கழியுமுன் தாமே தணிக்கை செய்வது முறையன்று.

விண்ணப்பத்தில், "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று எழுதுவதால் பயனில்லை. எல்லோரும் அவ்வாறே எழுதுகின்றனர். செய்ததை எழுத வேண்டும். அப்பெண் முதலில் எழுதிய விண்ணப்பம் புகழ்மொழிகளால் நிறைந்திருந்தது. அதை நீக்கிவிட்டு, எவ்வளவு காலம் சங்கத்தில் ரொக்கப் புத்தகம் எழுதினாள், எத்தனை பாஸ் புத்தகங்களைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தாள், எத்தனை வேறுபாடு கண்டாள் என்பதை மட்டும் எழுதச் செய்தோம். எழுதுவதற்காகவே அவள் நம் சங்கத்தில் அனுமதி பெற்று ஒரு மாதம் உண்மையாக அவ்வேலையைச் செய்தாள் என்பதையும் கூற வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்காக அவளிடம் ஒரு கேள்வி கேட்டோம். "காலையில் ரொக்கத்தை எண்ணுகிறாய். ரூ.500 குறைகிறது. மேலாளர், 'மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட எடுத்தேன், மாலையில் வைத்துவிடுகிறேன்' என்கிறார். என்ன செய்வாய்?" அவள் சிறிது தயங்கி, "ரூ.500 தானே மாமா, மாலை வரை பொறுத்திருப்பேன்" என்றாள். இரக்கமுள்ள பதில்; ஆனால் தணிக்கையாளரின் பதில் அன்று. அந்நேரத்திலேயே எண்ணிக்கையை எழுதி, மேலாளரின் ஒப்பம் பெற்று, அவர் கூறிய காரணத்தையும் அவர் சொன்னபடியே குறித்து, மேலிடத்துக்கு அனுப்புவதே கடமை. அவரைத் திருடர் என்று எழுதுவதும் தவறு. எழுதாமல் விடுவதும் தவறு. கண்டது என்ன, விதி என்ன, காரணம் என்ன, விளைவு என்ன, செய்யத்தக்கது என்ன என்னும் ஐந்தையும் வரிசையாக எழுதினால் அறிக்கை தானே நேர்மையாகிவிடும்.

இவ்வேலையில் கஷ்டமும் உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. வாரத்தில் பல நாள் வெளியூரில் தங்க நேரும். கிளையில் உள்ளோர் முகமலர்ந்து வரவேற்பர் என்று எதிர்பார்த்தலும் கூடாது. அவர்கள் வாங்கித் தரும் விருந்தையும் மறுக்க வேண்டி வரும். இவற்றைத் தாங்க மாட்டாதவர்கள் வேறு வேலை தேடுவது அவர்களுக்கும் நன்று. கடன் பெற்றோருக்கும் நன்று.

அங்கத்தினர்களுக்கு

நிற்க. இக்கட்டுரையை வேலை தேடாத அங்கத்தினர்களும் தமக்குரியதாகக் கொள்ள வேண்டுகிறோம். உங்கள் வீட்டில் பாஸ் புத்தகமும் கடன் அட்டையும் எங்கு இருக்கின்றன என்று இன்றிரவே பாருங்கள். படித்த மகனிடமோ மகளிடமோ கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ஒப்பம் உண்டா என்று எண்ணுங்கள். ஒப்பமில்லாத வரி ஒன்று இருந்தாலும் மறுநாளே கேளுங்கள். தணிக்கையாளர் வரும்போது அட்டை பெட்டியின் அடியிலோ அடுத்த வீட்டிலோ இருந்தால், எத்துணைத் திறமையுள்ளவரும் ஒன்றும் செய்ய இயலாது.

அப்பெண் தன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எங்கள் தெருவில் இப்பொழுது ஒன்பது வீடுகளின் கடன் அட்டைகளை அவள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அவற்றுள் ஒன்றில் ஒரு தவணை பதிவாகாமல் விடுபட்டிருப்பது தெரிந்து, ரசீதைக் காட்டி அது சரிசெய்யப்பட்டது. ஆயத்தம் என்பது இவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. பிற ஊர்ச் சங்கங்களிலும் படித்த பிள்ளைகளைக் கொண்டு இவ்வேலையைத் தொடங்குவார்களாயின், அவர்களுள் சிலர் நல்ல தணிக்கையாளர்கள் ஆவார்கள்; எல்லோருடைய கணக்கும் சரியாக இருக்கும்.